ஆளுக்கு எத்தனை லிட்டர்?

பெங்களூருக்கு வரும் காவிரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து குழாயில் சுமார் 100 கிலோமீட்டர் ஓடி, மூன்று கட்டமாகப் பம்ப் செய்யப்பட்டு, ஏறக்குறைய 500 மீட்டர் மேலே ஏறி வருகிறது. கரண்டுக்கே ஏகப்பட்ட பணம் போகிறது. அதனால் வாடிக்கையாளர்களுக்கு நீண்டகாலச் சிக்கன இலக்கு வகுக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தபோது பலரும் சொன்னது ஒன்றுதான்: ஐந்து வருடத்தில் ஒவ்வொரு வீட்டு பில்லிலும் 20 சதவீதம் குறைய வேண்டும்.

எனக்கு இந்த இலக்கில் உடன்பாடில்லை. பில்லில் இணைப்பு எண் இருக்கும், வீட்டில் எத்தனை பேர் என்பது இருக்காது. ஸ்ரீராமபுரத்தில் நான் போன ஒரு வீட்டில் ஆறு பேர். மாதம் பத்து யூனிட், அதாவது 10,000 லிட்டர். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்தான். மத்திய அரசின் வழிகாட்டி நகரங்களுக்குச் சொல்வது 135 லிட்டர். அந்த அம்மா துணி அலசிய தண்ணீரைக்கூடக் கக்கூஸுக்கு எடுத்து வைத்திருந்தார். "இதுக்கு மேல எதைக் குறைக்கறது தம்பி, குளிக்கறதையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அபார்ட்மென்டில் காவிரி பில் நன்றாகவே குறைந்திருந்தது. செயலாளர் பெருமையோடு காட்டினார். சம்ப் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கம் காவிரிக் குழாய், எதிர்ப்பக்கம் போர்வெல் குழாய், டேங்கர் ஹோஸை இறக்கத் தனியாக ஒரு வாய். மூன்றும் ஒரே தொட்டியில் விழுகின்றன, மீட்டர் இருப்பதோ காவிரிக் குழாயில் மட்டும். இங்கே எதைச் சேமித்தார்கள் என்று யார் சொல்ல முடியும்?

2024 கோடையில் போர்கள் வற்றியபோது குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். அபார்ட்மென்ட் குழாய்களில் ஏரேட்டர், அதாவது தண்ணீரோடு காற்றைக் கலந்து செலவைக் குறைக்கும் மூடி, கட்டாயம் ஆனது. அவசரத்துக்கு அதெல்லாம் சரி. அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறந்து தினமும் 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும் என்றானதும், நான் போய்ப் பேசிய இடங்களில் அந்தப் பதற்றம் அடங்கிவிட்டது. பயத்தை நம்பி நீண்டகாலத் திட்டம் போட முடியாது.

அதனால் இலக்கை ஆள் கணக்கில் வைக்கச் சொல்கிறேன். காவிரி, போர், டேங்கர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு எத்தனை லிட்டர் என்று பார்க்க வேண்டும். 135-க்குக் கீழே இருப்பவர்களிடம் குறைக்கச் சொல்லவே கூடாது. மேலே இருக்கும் அபார்ட்மென்ட்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் வேண்டும். தன் வீட்டு எண்ணைக் கண்ணால் பார்க்கிறவர்தான் ஒழுகலைத் தேடுவார். ஃபிளஷ் டேங்கில் சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருந்து பார்க்கச் சொல்வேன். கோப்பையில் நீலம் தெரிந்தால் இரவும் பகலும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

போர்வெல்லுக்கு மீட்டர் என்றால்தான் அபார்ட்மென்ட் சங்கத்துக்காரர்கள் முறைக்கிறார்கள். பின்னாலேயே கட்டணம் வரும் என்ற பயம். முதல் இரண்டு வருடம் அளவு மட்டும் குறிப்போம், காசு கிடையாது என்று எழுதியே கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. அதை அறிக்கையில் சேர்க்கச் சொல்லித்தான் இப்போது வாதாடிக்கொண்டிருக்கிறேன்.