மூன்று ட்யூப்

மார்ச் 4, செவ்வாய்
அம்மாவுக்கு இன்றும் ரத்தம் எடுத்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன் நர்ஸ் பெயரைக் கேட்டார், கைப்பட்டையைத் திருப்பிப் பார்த்தார். நேற்றும் இவரேதான் எடுத்தார். இருந்தாலும் கேட்டார்.

மார்ச் 5, புதன்
இன்று முழுக்க ஒரே எண்ணோடு போராட்டம். நாங்கள் எழுதும் லேப் மென்பொருளில் சாம்பிள் எண் 17 இலக்கம்: தேதி, நேரம், கடைசி மூன்று இலக்கம் வரிசை எண். பைத்தான் மொழியில் எழுதிய பக்கத்திலிருந்து ஜேசனில் (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) போனது 20250304101530123. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய திரையில் வந்தது 20250304101530124. அடுத்த ட்யூப் 124, அது சரியாக வந்தது. அதற்கடுத்தது 125. அதுவும் 124 ஆகிவிட்டது. மூன்று பேர் ரத்தம், ஒரே எண். சோதனைத் தரவுதான், ஆனாலும் வயிற்றைப் பிசைந்தது.

எங்கேயும் பிழைச் செய்தி இல்லை. கோப்பைத் திறந்து ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன், 123 என்றுதான் இருந்தது. ஜேசன் வெறும் எழுத்து, அது எதையும் மாற்றவில்லை. படிக்கிற மொழிதான் மாற்றுகிறது. பைத்தானில் முழு எண் எவ்வளவு நீளமானாலும் அப்படியே நிற்கும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணில் துல்லியத்துக்கு 53 பிட்தான், அதாவது 53 இருமை இலக்கம்தான், இடம். 9007199254740991 (16 இலக்கம்) வரை நம்பலாம். அதற்கு மேல் இரண்டிரண்டாகத் தாவும், எங்கள் எண் இருக்கும் உயரத்தில் நான்கு நான்காக.

மார்ச் 6, வியாழன்
ரிசல்ட் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி
"திரைப் பக்கம் பிக்இன்ட் போட்டா போதாதா?" என்று டீமில் கேட்டார்கள் (பிக்இன்ட், நீளமான முழு எண்ணையும் அப்படியே வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வகை). போதாது. ஜேசனைப் பிரித்துப் படிக்கும்போதே கடைசி இலக்கம் போய்விடுகிறது, அதற்கப்புறம் எந்தப் பெட்டியில் வைத்தாலும் திரும்பாது. சாம்பிள் எண்ணை யாராவது கூட்டுகிறார்களா, கழிக்கிறார்களா? அது ஒரு பெயர். ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக, மேற்கோள் குறிக்குள் போக வேண்டும். ட்விட்டர் 2010-இலேயே இதற்காக ட்வீட் எண்ணை ஸ்ட்ரிங்காகவும் சேர்த்து அனுப்பியது. கூகுளின் தரவு வடிவமான புரோட்டோபஃப் 64 பிட் எண்ணை ஜேசனாக்கும்போது ஸ்ட்ரிங்காகத்தான் எழுதுகிறது. மாலை வரை பேசினேன். சம்மதித்தார்கள்.

மார்ச் 8, சனி
அம்மா கேட்டாள், "என்னடா சொன்னாங்க?" இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்களா?" இல்லைம்மா, இன்னும் சொல்லவில்லை. ரெண்டும் வேற.

மார்ச் 10, திங்கள்
அதேதான் இன்று வேலையிலும். வராத ரிசல்ட்டைப் பைத்தான் 'நன்' (None, மதிப்பு இல்லை) என்று வைத்திருக்கிறது, ஜேசனில் 'நல்' (null, அதே பொருள்) என்று போகிறது, அதுவரை சரி. 'கோ' மொழியில் எழுதிய சேவை அதை வாங்கி ஒரு சாதாரண எண் புலத்தில் (மதிப்பை வைக்கும் இடம்) போட்டால் 0. புலத்தையே அனுப்பாமல் விட்டாலும் 0. தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை 0 என்று ரிப்போர்ட் அடித்தால் பார்க்கிற வீட்டுக்காரர்கள் என்ன ஆவார்கள்? அந்தப் புலத்தைக் காலியாகவும் இருக்கக்கூடிய பாயின்ட்டராக மாற்றினேன், 'நல்' இப்போது 'நில்' (nil, வெறுமை) ஆக நிற்கிறது. திரையில் "காத்திருக்கிறது" என்று எழுதச் சொன்னேன். கோடு வேண்டாம், காலி இடமும் வேண்டாம், அந்தச் சொல்லே வர வேண்டும்.

தூக்கம் வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
123, 124, 125. மூன்றும் மூன்றாகவே வந்தன.

மார்ச் 12, புதன்
மறுபடி ஒரு ட்யூப் எடுத்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை. ஒட்டுவதற்கு முன் ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லிப் படித்தேன். 13 இலக்கம். இரண்டு தடவை எண்ணினேன்.