ஷவ்வால் பிறைகள்

ரங்கூன், ஹிஜ்ரி 1447

ஷவ்வால் பிறை 1

ரமலான் முடிந்து ஷவ்வால் மாதம் பிறந்துவிட்டது. நோன்புப் பெருநாள் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ் (எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே). ஏழைகளுக்கான பெருநாள் தர்மம், பித்ரா அரிசியை நேற்று இரவே கொடுத்துவிட்டோம். பர்மாவில் நோன்புப் பெருநாளுக்கு அரசாங்க விடுமுறை கிடையாது. அவர் தொழுதுவிட்டு வந்து, தம்பாவ் (பர்மா பிரியாணி) சாப்பிட்டு, புதுக் கைலியை மாற்றிக்கொண்டு மதியமே கடைக்குப் போய்விட்டார். பினாங்கில் இருக்கும் மகன் போனில் பேசினான். அழக்கூடாது என்று இருந்தேன், அழவில்லை. உடம்பு அலுப்பாக இருக்கிறது. இன்று இவ்வளவுதான்.

பிறை 2

நாலு மணிக்குத் தானாக முழிப்பு வந்தது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரமலான் இரவுகளில் ஜாகோ பையன்கள் பர்மியப் பாட்டு மெட்டில் பாடிக்கொண்டு தெருத் தெருவாக வந்து, நோன்பு பிடிக்கும் முன் சாப்பிடும் சஹருக்கு எழுப்புவார்கள். இந்த ரமலானில் பாட்டு இல்லை. ஆனால் மாடிக்கு மாடி பாத்திரச் சத்தம் கேட்டது, எதிர் ஜன்னலில் மெழுகுவர்த்தி தெரிந்தது. மாதம் முழுக்க நானாக எழுந்ததாக நினைத்திருந்தேன். மொத்தத் தெருவும் சேர்ந்துதான் என்னை எழுப்பியிருக்கிறது.

எழுந்து ஒளு செய்து (கை கால் முகம் கழுவி) இரண்டு ரக்அத் தொழுதேன். சுருக்கமாகத்தான். இந்த இரண்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மனதில் நிய்யத் வைத்திருக்கிறேன். அமல்களில், நற்செயல்களில், அல்லாஹ்வுக்கு மிகவும் பிடித்தது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்வது என்று நபியின் மனைவி ஆயிஷா நாயகி அறிவித்த ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. எட்டு ரக்அத் என்று ஆரம்பித்தால் பத்தாவது நாள் விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

பிறை 3

காய்ச்சலில் விட்ட நோன்பு நாலு இருக்கிறது. ஷவ்வாலின் ஆறு நோன்பை முதலில் பிடிக்கலாமா, விட்டதற்கு ஈடான கழாவை முதலில் அடைக்க வேண்டுமா என்று அவரை விட்டு மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் கேட்கச் சொன்னேன். “கடன் இருக்கும்போது முதலில் கடனை அடைப்பதுதான் நல்லது, மாதத்தில் நாள் இருக்கிறதே” என்று சொல்லி அனுப்பினார். சரி, நாலும் ஆறும் பத்து. இன்றே ஆரம்பித்துவிட்டேன்.

ரமலான் நோன்பு பிடித்து, அதைத் தொடர்ந்து ஷவ்வாலில் ஆறும் பிடிப்பவர் காலமெல்லாம் நோன்பு பிடித்தவர் போல என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னது முஸ்லிம் என்ற ஹதீஸ் கிதாபில் இருக்கிறது. ஒரு நன்மைக்குப் பத்து என்றால் முப்பதுக்கு 300, ஆறுக்கு 60, சேர்ந்தால் ஒரு வருடக் கணக்கு. உம்மா இதைப் புளியங்கொட்டையை வைத்து எண்ணிக் காட்டுவார்கள்.

பகலில் குர்ஆனின் பகரா சூராவில் நோன்பு வசனங்களை மொழிபெயர்ப்போடு ஓதினேன். 183ஆவது வசனம் நீங்கள் தக்வா (இறையச்சம்) உடையவர்கள் ஆகலாம் என்று முடிகிறது. 185, மாதத்தின் எண்ணிக்கையைப் பூர்த்தி செய்யச் சொல்லி, நேர்வழி காட்டியதற்காக அவனைப் பெருமைப்படுத்தச் சொல்லி, நீங்கள் நன்றி செலுத்துவீர்கள் என்பதற்காக என்று முடிகிறது. எத்தனை வருடமாக ஓதுகிறேன், நோன்புப் பேச்சு நன்றியில் போய் நிற்பதை இன்றுதான் கவனித்தேன். அப்படியானால் அவனைப் பெருமைப்படுத்தும் பெருநாள் தக்பீரோடு வேலை முடியவில்லை. நன்றி சொல்லும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பிறை 5

இன்று தைக்கக் கொடுக்க ஒரு பர்மிய முஸ்லிம் அம்மா வந்தார். மண்டலேக்காரர், இப்போது இங்கே மகள் வீட்டில் இருக்கிறார். பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மேசையில் வைத்தார். புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. “பேரனுக்குச் சின்னதாக்கித் தர முடியுமா, அமா?” என்று கேட்டார்.

யாருடையது என்று கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. கேட்டுவிட்டேன். போன வருடப் பெருநாளுக்குக் கணவருக்குத் தைத்ததாம். ரமலான் கடைசி வெள்ளி, 2025 மார்ச் 28, மதியம் 12.50, நிலநடுக்கம் வந்த நேரம். அந்த நேரத்தை இந்த நாட்டில் யார் மறந்தார்கள்? இங்கே ரங்கூனில் எங்கள் மாடி ஆடியது, தையல் மெஷின் தானாக நகர்ந்தது, அவ்வளவுதான். மண்டலேயிலும் சகைங்கிலும் ஜும்ஆ தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன. அவர் கணவர் முன் வரிசையில் இருந்தவர். நோன்போடு போய்விட்டார்.

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அந்த அம்மாவே என் கையைப் பிடித்துக்கொண்டு “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். ஒளு செய்தவராக, நோன்பாளியாக, அல்லாஹ்வின் வீட்டில் இருந்தபோது கூப்பிட்டுக்கொண்டான் என்றார். பிறகு தோள் அளவு சொன்னார். பேரனுக்கு வயது பத்து.

போன வருடம் பூமி நின்ற பிறகு நானும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன அல்ஹம்துலில்லாஹ் அது. அதில் தப்பில்லை, ஆனால் இன்று இந்த அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு, என்னுடையது பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது போல இருக்கிறது. அவர் எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இருந்ததற்கும் நன்றி, எடுத்துக்கொண்டதற்கும் பொறுமை. இரண்டும் ஒரே மூச்சில் வந்தது.

பிறை 6

நாலாவது கழா. கடன் தீர்ந்தது.

சட்டையைப் பிரித்தேன். நல்ல தையல்காரர் தைத்தது, தையல் நெருக்கமாக இருந்தது. பிளேடை வைத்து ஒவ்வொன்றாக அறுக்கும்போது நஹ்ல் சூராவில் வரும் பெண் நினைவுக்கு வந்தாள், உறுதியாக நூற்ற நூலைத் தானே துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டவள். சத்தியத்தை முறிப்பவர்களுக்காக வந்த வசனம் அது. ஆனாலும் தையல் வேலை செய்கிறவளுக்கு அது வேறு விதமாகவும் குத்தும். ஒரு மாதம் நாவைக் கட்டிவைத்தேன். பெருநாள் அன்றே மச்சியைப் பற்றி அவரிடம் குறை பேசினேன். அன்றைக்கு எழுதாமல் விட்டேன், இன்று எழுதுகிறேன். மச்சிக்குப் போன் செய்து நலம் விசாரித்தேன்.

பிறை 10

கீழ் வீட்டு பர்மிய அக்கா லெப்பெட் (ஊறவைத்த தேயிலை) கலந்து தட்டோடு மேலே வந்தார். நோன்பு என்றேன். “மாதம்தான் முடிந்துவிட்டதே, இன்னும் யார் பிடிக்கச் சொன்னார்கள்?” என்று கேட்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நன்றிக்காகப் பிடிப்பது என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பௌத்தர்களின் உபோசத விரத நாட்களில் மதியத்துக்கு மேல் சாப்பிடாமல் இருப்பவர் அவர். தட்டை மூடி வைத்து, மஃரிபுக்கு, பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார். இரவு கரண்ட் இல்லை, இருட்டில் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

பிறை 13

இன்று செய்தது எனக்கே பிடிக்கவில்லை. வசதியான வீட்டு அம்மா ஒருவர் ரவிக்கை அளவு கொடுக்க வந்தார், நம் தமிழ் ஆட்கள்தான். டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று அவர் கேட்கவும் இல்லை. பேச்சுக்கு நடுவில் நானாக, “ஆறு நோன்பு ஓடுகிறது, தொண்டை வறண்டு போகிறது” என்றேன். “மாஷா அல்லாஹ், இந்த வெயிலில், இவ்வளவு வேலையோடு!” என்றார். கேட்க இனித்தது. அவர் படி இறங்குவதற்குள் அந்த இனிப்பு கசந்துவிட்டது.

லெப்பெட் தட்டுக்கு நோன்பு என்று சொன்னது வேறு. கேட்டவருக்கு உண்மையைச் சொன்னேன், நோன்பாளியை விருந்துக்குக் கூப்பிட்டால் நோன்பு என்று சொல்லச் சொல்லியும் இருக்கிறது. இது காட்டிக்கொள்ளச் சொன்னது. ரமலானில் இந்தச் சோதனை எனக்கு வந்ததில்லை. ஊரே நோன்பு, யாரிடம் போய்ச் சொல்வது? நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுப்பேன் என்று அல்லாஹ் சொல்லியிருக்கும்போது, நான் ரவிக்கைக்கு அளவெடுக்கும் இடத்தில் கூலி கேட்டுவிட்டேன். இரவு இஷா தொழுகைக்குப் பிறகு வெகுநேரம் மன்னிப்புக் கேட்டு இஸ்திஃபார் செய்தேன். மூன்றாவது நோன்பு இது. இன்னும் மூன்று இருக்கிறது, அவற்றைப் பற்றி யாரிடமும் பேச மாட்டேன். இந்தக் குறிப்பில் எழுதுகிறேனே என்றும் யோசித்தேன். அதனால்தான் பேர் போடாமல் எழுதுகிறேன்.

பிறை 17

பள்ளிவாசலில் ஃபஜ்ர் (அதிகாலை) தொழுகைக்கு இப்போது ஒன்றரை வரிசைதான் வருகிறது என்று அவர் சொன்னார். செருப்பைத் தேட வேண்டியதே இல்லையாம். வராதவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே நிலவரம் அப்படி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும்.

சட்டை முடிந்தது. காலரைப் பழையபடியே வைத்தேன். பேரனையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வந்தார். போட்டுப் பார்த்தான், கை மட்டும் கொஞ்சம் நீளம். “விடுங்கள், வளர்வான்” என்றார். கூலி வாங்க எனக்கு மனம் இல்லை. அவர் விடவில்லை. தொழிலுக்குரியதை வாங்கிக்கொள், துஆ (பிரார்த்தனை) மட்டும் சும்மா செய் என்றார்.

பிறை 22

ஆறும் முடிந்தது. ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும். கரண்ட் போயிருந்தது, அவர் கடையிலிருந்து வரவில்லை, சுலே பக்கத்துப் பள்ளிவாசல் பாங்கு லேசாகக் கேட்டது. கால் வீங்கும் அளவுக்கு நின்று தொழுத நபியிடம் ஏன் இவ்வளவு என்று ஆயிஷா நாயகி கேட்டதற்கு, நான் நன்றியுள்ள அடியானாக இருக்க வேண்டாமா என்றார்கள். நோன்பு திறக்கும்போது அதுதான் நெஞ்சில் ஓடியது. என் கால் மெஷின் மிதித்துத்தான் வீங்குகிறது. அந்தக் காலோடு தலையைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்தேன்.

இருபது நாளில் இரண்டு ரக்அத் மூன்று தடவை தவறிவிட்டது. மகனின் பழைய கடிகாரத்தில் நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். ஒளுவுக்குச் செம்பில் தண்ணீர் பிடித்துக் கட்டிலுக்கு அருகில் வைத்தாயிற்று.