குடை போன புதன்கிழமை

மூணு வாரம் முந்தி ஒரு புதன்கிழமை என் குடை போய்ச் சேர்ந்துருச்சு. மழையில இல்ல, காத்துல இல்ல. ஆக்ஸ்ஃபோர்டு கிட்ட விட்னி பக்கம் ஒரு கிராமத்து பப் வாசல்ல, வீட்டம்மாவுக்கும் ஒரு 73 வயசுப் பெரியவருக்கும் நடந்த அடிதடியில.

வீட்டம்மா மோரிஸ் டான்ஸ் ஆடுறா, இங்கிலாந்துக்காரங்களோட பழைய நாட்டுப்புற ஆட்டம் அது. குளிர்காலம் பூரா சர்ச் ஹால்ல ப்ராக்டிஸ், அதுல எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, வாரத்துல ரெண்டு மணி நேரம் டிவி ரிமோட் என் கையில இருக்கும். மே மாசம் பொறந்தாத்தான் வினை. மே 1ஆம் தேதி விடியக்காலை நாலு மணிக்கே எழுப்பி விட்டாச்சு. ஆறு மணிக்கு மாட்லின் காலேஜ் கோபுரத்து மேல நின்னு பாடுவாங்க (எழுதுறது என்னவோ மேக்டலன்), அது முடிஞ்சதும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவுல திரும்புற பக்கமெல்லாம் சலங்கை சத்தம். மார்கழி மாசத்துல எங்கம்மா கூட என்னை அவ்ளோ சீக்கிரம் எழுப்புனதில்ல. அன்னைலேருந்து செப்டம்பர் வரைக்கும் புதன்கிழமையானா ஒரு கிராமம், ஒரு பப். மூணு பேருக்கு மூணு பேர் எதிரெதிரா, வெள்ளை டிரஸ், முழங்காலுக்குக் கீழ சலங்கைப் பட்டை, ரெண்டு கையிலயும் வெள்ளைக் கர்ச்சீப். ஆடி முடிச்சா பீர். பீர் குடிச்சா கார் ஓட்டக்கூடாது. நான் எதுக்குன்னு இப்பப் புரியுதா?

கர்ச்சீப்புக்கு நீலம் போடுறதும் நான்தான், அதை விடுங்க. மாமியார் பொள்ளாச்சிலேருந்து வீடியோ கால்ல ஒரு ஆட்டத்தை முழுசா பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்பறம், "ஏனுங் மாப்ள, துணி காயப் போடறப்பக் கூட இவ இப்புடி ஒதறுனதில்லீங்களே"ன்னாங்க. அவங்க கோவம் வேற. ஊருல வள்ளி கும்மிக்கு வாடின்னு கூப்புட்டப்ப முழங்கால் வலின்னு சொன்னவ, இப்ப வெள்ளைக்காரன் கூப்புட்டா மட்டும் குதிக்கிறாளாம். நான் வாயே தொறக்கல.

இந்த குரூப்புல ஆளாளுக்கு ஒரு பதவி. ஸ்க்வையர்னா தலைவர், ஃபோர்மேன்னா ஆட்டம் சொல்லிக் குடுக்கறவர், பேக்மேன்னா செயலாளர். பேருதான் பேக்மேன், அவரு ஒரு பையைத் தூக்கி நான் பாத்ததில்ல. பை, குச்சிக் கட்டு, காசு வாங்குற தொப்பி எல்லாம் பதவியே இல்லாத என் தலையில. ஸ்க்வையர் எந்த பப்புக்குப் போனாலும் அதே கதையைச் சொல்லுவாரு. 1899 பாக்ஸிங் டே, அதாவது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து ஹெடிங்டன்ல கடும் பனி, கொத்து வேலை கிடையாது, கையில காசு இல்லாம கொத்தனாருங்க சீசன் இல்லாத சீசன்ல சலங்கை கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க, வில்லியம் கிம்பர்னு ஒருத்தர் கான்சர்டினா (கையில பிடிச்சு இழுத்து அமுக்குற சின்னத் துருத்திப் பொட்டி) வாசிக்க, செசில் ஷார்ப்னு ஒரு மியூசிக் வாத்தியார் அதைப் பாத்து அசந்துபோய் மறுநாள் கிம்பரைக் கூப்பிட்டு மெட்டெல்லாம் வாசிக்கச் சொல்லி எழுதிக்கிட்டாரு, அதுலேருந்துதான் அழியப்போன ஆட்டம் நாடு பூரா பரவிச்சுன்னு. அந்த ஷார்ப் அன்னைக்கு எங்க தங்கியிருந்தாரு தெரியுமா? மாமியார் வீட்ல! கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீட்டுக்குப் போனமா, சாப்டமா, படுத்தமான்னு இருந்திருந்தா எனக்கு இந்த நிலைமை வந்திருக்குமா?

ஒரு தடவை 25 மைல் ஓட்டணுமான்னு மொணங்கிட்டேன். உடனே வீட்டம்மா, 1600ல வில் கெம்ப்னு ஷேக்ஸ்பியர் கம்பெனி கோமாளி லண்டன்லேருந்து நார்விச் வரைக்கும் மோரிஸ் ஆடிக்கிட்டே போனதை எடுத்து விட்டா. "அவரு ஆடிக்கிட்டே போனாருங்க, நீங்க சீட்டுல உக்காந்துக்கிட்டுத்தானே போறீங்க." இதுக்கு மேல என்ன பேச.

சரி, குடைக்கு வர்றேன். அன்னைக்கு சாயங்காலம் தூறல். பாக்க வந்த கூட்டம் ரெண்டு பேரு, ஒரு நாய், அவங்க தட்டுல சிப்ஸ். மெலோடியன் வாசிக்கிறவருக்கு நான்தான் குடை பிடிக்கிறேன். அவருக்குன்னா அவருக்கில்ல, பொட்டிக்கு. தோள்ல மாட்டுன ஆர்மோனியம் மாதிரி இருக்கும், உள்ள தண்ணி போனா அவ்ளோதான். அவரு மண்டை நனையுது, என் முழங்கை வழியா தண்ணி ஒழுகி அக்குள் வரைக்கும் வருது, பொட்டி மட்டும் மாப்ள மாதிரி நிக்குது.

அடுத்தது ஆடர்பரி ஊர் குச்சி ஆட்டம். பேரு லாட்ஸ் எ பஞ்சம். எந்த வருசத்துப் பஞ்சமோ தெரியல. வீட்டம்மாவுக்கு எதிர்ல அந்தப் பெரியவர், ரிட்டயர்டு கார்பெண்டர், குச்சியால அடிச்சாருன்னா ஆணி அடிக்கிற மாதிரியேதான் அடிப்பாரு. மூணாவது அடியில வீட்டம்மா குச்சி ரெண்டா ஒடைஞ்சு ஒரு துண்டு சிப்ஸ் தட்டைத் தாண்டிப் பறந்துச்சு. இவ கால் நிக்கல, என் பக்கம் பாக்கவும் இல்ல, ஆபரேஷன் தியேட்டர்ல டாக்டர் கை நீட்டுவாங்களே, அப்படிப் பின்னாடி கையை நீட்டுறா. ஸ்பேர் குச்சிக் கட்டு எங்கன்னா வீட்ல, கராஜ்ல. 20 கிலோ பொன்னி அரிசி மூட்டை வைக்க டிக்கில எடம் பத்தலைன்னு நான்தான் எறக்கி வச்சேன். அந்த நேரத்துல இதையெல்லாம் எடுத்துச் சொல்ல முடியுமா? குடையை மடக்கிக் கையில குடுத்துட்டேன்.

மெலோடியன்காரர் என்னைப் பாத்த பார்வை ஜென்மத்துக்கும் மறக்காது. சட்டையைக் கழட்டிப் பொட்டிக்குப் போத்துனேன், ஆமா, பனியனோட நின்னேன்.

குடை ரெண்டு ரவுண்டு தாங்குச்சு. அப்பறம் பெரியவர் ஓங்கி ஒன்னு போட்டாரு, வளைஞ்ச கைப்பிடி தனியா கழண்டு தரையில விழுந்துச்சு, நாய் கவ்விக்கிட்டு பெஞ்சுக்கு அடியில போயிருச்சு. பாக்க வந்த ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க, இதுவும் ஆட்டத்துல ஒரு ஐட்டம்னு நெனச்சுட்டாங்க போல. தொப்பியில பத்து பவுண்டு நோட்டு விழுந்ததும் அன்னைக்குத்தான்.

வர்ற வழியில கார்ல யாரும் பேசல. அது அப்பா கடைசியா இங்க வந்தப்ப எடுத்துட்டு வந்த கோயமுத்தூர் குடை. லண்டன்ல மழைன்னா நம்மூர்க் குடைதான் தாங்கும்னு சொல்லி ஏர்போர்ட்லேருந்து கையிலயே பிடிச்சுக்கிட்டு வந்தாரு. போறப்ப வேணும்னேதான் விட்டுட்டுப் போனாருன்னு நெனைக்கிறேன். வீட்டம்மா மட்டும் ஹெடிங்டன் ரவுண்டானா கிட்ட, "ஏங்க, வேற எதையாச்சும் குடுத்திருக்கலாம்ல"ன்னா. வேற எதைக் குடுக்கறது, தொப்பியவா?

மொண்டிக் குடையைப் பெரியவர் அன்னைக்கே வாங்கிட்டுப் போயிட்டாரு. இந்தப் புதன்கிழமை கொண்டாந்து குடுத்தாரு. ஹேசல் கட்டையில புதுக் கைப்பிடி, அதே வளைவு, எண்ணெய் போட்டு வழவழன்னு, உள்பக்கம் கட்டைவிரல் பதிய ஒரு சின்னக் குழி. நான் எந்தக் கையில குடை பிடிக்கிறேன்னு பாத்து வச்சிருக்காரு மனுசன், இடது கைக்குச் செதுக்கியிருக்காரு. என்ன சொல்றதுன்னு தெரியாம ஒரு பைண்ட் பீர் வாங்கிக் குடுத்தேன்.

ஒரே ஒரு கொறைதான். கைப்பிடியில ரெண்டு சலங்கை வச்சு ஆணி அடிச்சிருக்காரு, புடுங்க வரல. இன்னைக்கு மழையில ஆபீஸுக்கு நடந்து போறேன், முன்னாடி போன அம்மா கையில இருந்த நாய்க்குட்டி திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போகுது.