சடைக் குஞ்சலம்: மூன்றாம் முறையில் சரியாக வந்தது

குஞ்சலம் அழகுக்கு மட்டும் தொங்குவதில்லை. பின்னல் நுனி அவிழாமல் பிடிக்கும். கனம் கொடுத்துச் சடையை நேராகத் தொங்க வைக்கும். நுனியைக் கட்டும் வேலையை ரிப்பனும் ரப்பர் பேண்டும் எடுத்துக்கொண்டபின், இது பெரும்பாலும் பரதநாட்டிய மேடைக்கும் கல்யாணச் சடைக்கும் என்றாகிவிட்டது. அதே குஞ்சம்தான் இன்று சேலை முந்தானையிலும் ரவிக்கையின் முதுகுக் கயிற்றிலும் ஆடுகிறது.

குஞ்சத்துக்கு மேலே நூல் சுற்றிய உருண்டை ஒன்று வரும். அதற்கு முதல் முறை எடுத்தது தெர்மோகோல் உருண்டை. ஃபேப்ரிக் பசையிலிருந்த கரைப்பான் பட்ட இடமெல்லாம் உருகிக் குழி விழுந்தது. உருகாமல் தப்பியதிலும் கனமே இல்லை. அடுத்து 20 மி.மீ. மர மணி, துளை 3 மி.மீ. பாதி சுற்றுவதற்குள் நூல் துளையை அடைத்து, ஊசி நுழையவில்லை. துளை 5 மி.மீ. வேண்டும்; மூன்றாம் முறை அதில்தான் சரியாக வந்தது.

கறுப்புப் பட்டு நூலை 6 இழை சேர்த்து, 2.25 மீட்டர் வெட்டி ஊசியில் கோத்து, துளைக்குள் விட்டு, வெளியே சுற்றி, மறுபடி துளைக்குள். ஒரு மணிக்கு 40 சுற்று பிடிக்கும். ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரலால் நீவிப் பட்டையாகப் படிய வைக்க வேண்டும். இழை முறுக்கிக்கொண்டால் நடுவே மரம் தெரியும், பளபளப்பும் போய்விடும். பசை துளை வாயில் ஒரு பொட்டு போதும். நூல்மேல் பட்டால் அந்த இடம் விறைத்து மங்கும்.

குஞ்சத்துக்கு 10 செ.மீ. அட்டையில் 150 சுற்று. மேல் மடிப்பில் கயிற்றைக் (அது பற்றிக் கீழே) கோத்து இறுக்கி, கீழ் மடிப்பை வெட்டலாம். கழுத்துக்கு ஜரிகை 12 சுற்று. ஜரிகை முடிச்சு வழுக்கி அவிழும் என்பதால், ஜரிகையின் ஒரு நுனியைக் கண்ணியாக மடித்துக் கழுத்தின்மேல் படுக்க வைத்து, அதன்மேலேயே சுற்றிக்கொண்டு வாருங்கள். கடைசி நுனியைக் கண்ணிக்குள் விட்டு, கண்ணியின் வாலைப் பிடித்து இழுத்தால் அது சுற்றுக்கடியில் போய் மாட்டிக்கொள்ளும். இழுப்பு நிதானமாக இருக்கட்டும், வெடுக்கென்று இழுத்தால் ஜரிகை பிரிந்து உள்நூல் தெரியும்.

சுருண்ட இழைகளை இட்லிப் பானை ஆவியில் பத்து விநாடி காட்டி, அகலப் பல் சீப்பால் வாரினால் நேராகும். பிறகு காகிதத்தை இறுகச் சுற்றி, காகித விளிம்போடு ஒரே வெட்டு. கையில் பிடித்து வெட்டினால் கண்டிப்பாகக் கோணும்.

நைலான் கயிறு முடியில் வழுக்கும். கறுப்புக் கம்பளி நூலை முப்புரியாகப் பின்னி, 45 செ.மீ. கயிறு மூன்று செய்து, ஒவ்வொன்றையும் மணி வழியாகக் குஞ்சத்துக்கு இறக்க வேண்டும். சடை பாதி பின்னியதும் மூன்று காலுக்கும் ஒவ்வொரு கயிறாகச் சேர்த்து நுனிவரை பின்னுங்கள். நுனியில் மட்டும் கட்டினால் நாலு சுழற்சியில் கழன்றுவிடும்.

வைப்பதற்கு முன் நனைத்த வெள்ளைத் துணியில் நூலை அழுத்திப் பாருங்கள். கறுப்புச் சாயம் இறங்கினால் அந்த நூலே வேண்டாம்; மல்லிகைச் சரத்தின் ஈரம் போதும், ரவிக்கை முதுகெல்லாம் கறை.