ஏரிக்கரை மனையும் குடியிருப்போர் சங்கமும்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மனை விளம்பரத்தில் ‘லேக் வியூ’ என்று போட்டாலே சதுர அடிக்கு விலை ஏறிவிடுகிறது. வீடு கட்டிக் குடிவந்த பிறகு அந்த வியூவைக் கட்டி மேய்ப்பது குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழும். சங்கம் பதிவது லேசு. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து துணைவிதி எழுதி மாவட்டப் பதிவாளரிடம் போனால் போதும். அதற்கப்புறம்தான் வேலை.

‘தனியார் பகுதி’ என்று போர்டு மாட்டி கேட்டைப் பூட்டும் முன்பு லேஅவுட் கோப்பைப் பிரித்துப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் ரோடும் பூங்கா இடமும் தானப் பத்திரத்தில் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஏரியும் நம்முடையது இல்லை. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குள் இருந்தால் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. ஆகவே கரையில் பெஞ்சு போடுவதற்குக்கூட எழுத்தில் அனுமதி வேண்டும். கரைமேல் மரம் நடுவதும் நல்ல காரியம் இல்லை. மரம் பட்டுப்போய் வேர் மக்கினால் அந்தப் பொந்து வழியாகவே கசிவு ஆரம்பிக்கும்.

எல்லாச் சங்கத்திலும் ஒரு யோசனைக்காரர் இருப்பார்: “கலங்கல்மேல நாலு மணல் மூட்டை அடுக்கினா கோடை வரைக்கும் தண்ணி நிக்குமே.” கலங்கல் என்பது ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழிந்து போகும் கட்டு. கேட்க நன்றாக இருக்கும். நம் ஏரிகளின் மேல்பக்கம் தட்டையான நிலம். சரிவு 100-க்கு 1 என்று வைத்தால், மட்டம் ஒரு அடி ஏறும்போது தண்ணீர் 100 அடி தள்ளி வந்து நிற்கும். எதிர்க்கரை விவசாயியின் ராகிக் கொல்லை மூழ்கும், கலங்கலில் போக முடியாத வெள்ளம் கரையை உடைக்கப் பார்க்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி வந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வண்டிகளை இழுத்துப்போனதை எல்லோரும் பார்த்தோம். கலங்கலும் உபரிநீர் ஓடையும் திறந்திருப்பது நம் வீட்டுக்கே காப்பு.

சங்கம் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று உண்டு. சர்வேயரை ஒரு நாள் ஆட்டோ லெவலோடு (மட்டம் பார்க்கும் கருவி) வரவழைத்து, கலங்கலின் தலைமட்டத்தை ஒவ்வொரு தெருவிலும் ஒரு விளக்குக் கம்பத்தில் சிவப்புப் பெயின்ட்டில் குறித்து வையுங்கள். ஏரி நிரம்பிக் கோடி போகும்போது (கலங்கலில் வழியும்போது) தண்ணீர் அந்த மட்டத்துக்கு மேலேயும் ஒன்றிரண்டு அடி ஓடும் என்பதால், கோட்டிலிருந்து மூன்று அடியாவது உயர்ந்திருக்கிற வீட்டுத் தரையே பயமில்லாதது. புதிதாகக் கட்ட வருகிறவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

அடுத்த தலைவலி செப்டிக் டேங்க். ஏரி நிறைந்தால் நிலத்தடி நீரும் மேலே வந்து, டேங்கின் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் உறைக்குழி தண்ணீர் இழுக்காது. கழிப்பறை குபுகுபுவென்று சத்தம் போட்டால் அதுதான் காரணம். உடனே லாரியைக் கூப்பிட்டுக் காலி செய்வார்கள். பிளாஸ்டிக், ஃபைபர் டேங்காக இருந்தால் காலியானதும் சுற்றியுள்ள நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிவிடும், குழாய் இணைப்பு ஒடியும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரல், மே மாதத்தில், ஒரு தெருவுக்கு ஒரே நாளில் லாரி பேசினால் ரேட்டும் இறங்கும். சில வீட்டுக்காரர்கள் ராத்திரியில் குழாயை ஓடைக்குத் திருப்பிவிடுவது தனிக் கதை. ஆகாயத்தாமரை எங்கே அடர்ந்து கிடக்கிறதோ, அங்கிருந்து ஓடையில் மேல்பக்கமாகப் போய்ப் பார்த்தால் குழாய் தெரியும். அதை அடைக்காமல் வருஷாவருஷம் தாமரையை அள்ளுவது வெட்டிச்செலவு.

குடிநீருக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் கறை, எலும்பில் கோளாறு. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டிப்படும். போர் தண்ணீரையும் ஒகேனக்கல் தண்ணீரையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலக்காதீர்கள்.

தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போடும் முறையிலும் தப்பு நடக்கிறது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கு, 60,000 லிட்டர் தொட்டிக்கு 240 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறைய ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் விட வேண்டும். அரை மணி நேரம் கழித்துத் திறக்கலாம். கடைசி வீட்டுக் குழாயில் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் காட்டினால் சரி. மூட்டையைப் பிரித்து மோட்டார் ரூமில் மாதக்கணக்காக வைத்த பவுடருக்கு வீரியம் இருக்காது. அளவு சரியாகப் போட்டும் குளோரின் காட்டாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பணம் பற்றி: காலி மனைக்காரர்கள் பாதிப் பேர் பெங்களூரில் இருப்பார்கள், சந்தா தரமாட்டார்கள். காலி மனைக்குப் பாதிச் சந்தா என்று துணைவிதியிலேயே எழுதி வையுங்கள். பின்னால் சேர்ப்பதென்றால் சிறப்புத் தீர்மானம், முக்கால்வாசி ஓட்டு என்று அலைய வேண்டும்.