பேட் மாற்றிய பின் பிரேக் பெடல் மெத்தென்று இறங்கினால்

வீட்டில் பிரேக் பேட் மாற்றி முடித்துப் பெடலை மிதித்ததும் அது தரைவரை இறங்கிவிட்டால், பலரும் பிரேக் ஆயிலுக்குள் ஏர் புகுந்துவிட்டது என்று முடிவு செய்து, அதை வெளியேற்றும் நிப்பிளைத் திறக்கப் போய்விடுகிறார்கள். என் காரின் பிரேக் வேலைகளை நெடுங்காலமாக நானே செய்துவருகிறேன். நிப்பிளில் ஸ்பேனரை வைப்பதற்கு முன், பெடல் எப்படி இறங்குகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன். வெறும் பேட் மாற்றும் வேலையில் பிரேக் ஆயில் செல்லும் பாதையை நாம் எங்கும் திறப்பதில்லை என்பதால், காற்று உள்ளே போவதற்கு வழியும் குறைவு.

முதல் மிதியில் பெடல் இறங்குவது இயல்பே. புதிய பேட் தடிமனாக இருப்பதால், பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரில் உள்ள பிஸ்டனை முழுவதுமாக உள்ளே தள்ளியிருப்போம். அது திரும்ப வெளியே வந்து பேட்டை டிஸ்க்கில் தொடவைக்கும் அளவுக்கு ஆயில் காலிப்பருக்குள் போய்ச் சேர வேண்டும். வண்டியை நகர்த்துவதற்கு முன், எஞ்சினை அணைத்த நிலையிலேயே மெதுவாகப் பலமுறை மிதித்தால் பெடல் மேலேறி இறுகிவிடும். அப்போதும் தரைவரை மிதிக்காமல் பாதித் தூரம் மட்டும் மிதிப்பதே நல்லது. மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதாக இருந்தால், அதன் கடைசிப் பகுதிக்கு ரப்பர் சீல் வழக்கமாகப் போவதில்லை. அங்கே படிந்திருக்கும் துருவும் அழுக்கும் சீலைக் கிழித்துவிடக்கூடும். பிஸ்டனைத் தள்ளும்போது வழியாமல் இருக்க பிரேக் ஆயில் டேங்கிலிருந்து ஆயிலை எடுத்திருந்தால், மிதிக்க மிதிக்க அளவு இறங்கும். அதைக் கவனித்து ஊற்றாவிட்டால், அதுவரை இல்லாத காற்று அப்போதுதான் உள்ளே போகும்.

இப்படி மிதித்த பிறகும் பெடல் சரியாகவில்லை என்றால் அதன் தன்மையைப் பார்க்க வேண்டும். தாழ்வாக இறங்கினாலும் கடைசியில் கெட்டியாக நின்றால், எங்கோ இடைவெளி மிஞ்சியிருக்கிறது. ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்து இயங்கும் பின்சக்கரக் காலிப்பர்களில் அட்ஜஸ்ட்மெண்ட் சரியாக அமையாவிட்டால் இப்படி ஆகும். ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே போனால், ஒன்று ஆயில் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய்விட்டது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்த கணத்தில் பெடல் சற்றே இறங்குவது, மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டரின் வேலை, அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ளும் பெடல்தான் அதிகம் குழப்புவது. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது என்பதால் எல்லோருக்கும் காற்றின் மீதே சந்தேகம் போகிறது. ஆனால் எங்கோ ஓர் இரும்புத் தகடு வளைந்து நிமிர்ந்தாலும் காலுக்கு அதே உணர்வுதான் கிடைக்கும். சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, வேறொருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிக் காலிப்பரையே உற்றுப் பாருங்கள். மிதிக்கும்போது அது ஒரு பக்கமாகச் சாய்வது கண்ணுக்குத் தெரிந்தால், பேட் சரியாக உட்காரவில்லை, அல்லது காலிப்பர் நகர்வதற்கு உதவும் ஸ்லைட் பின் இறுகியிருக்கிறது. பேட்டின் காது உட்காரும் கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் துரு பொருக்குப் பொருக்காகக் கிளம்பி கிளிப்பையே தூக்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஸ்லைட் பின்னுக்கு உரிய கிரீஸ் தடவினாலே பெடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது உண்டு.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே ஏர் எடுக்கும் வேலை. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் அதன் கையேட்டைப் பார்ப்பதே முறை. காலிப்பர்களைக் கழற்றி இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விடும். மேலே தங்கிய காற்று எத்தனை முறை மிதித்தாலும் வெளியேறாது. ஒளி ஊடுருவும் குழாயின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவைத்து, பெடலை அழுத்தியபடி திறந்து, காலை எடுப்பதற்குள் மூட வேண்டும். முதலில் பெருங்குமிழிகளும் பிறகு கடுகளவு குமிழிகளும் வரும்; அவையும் நின்றபின் ஆயில் இடைவெளியின்றி ஓடும். உறிஞ்சும் பம்ப் எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றும் கலந்து குமிழி காட்டிக்கொண்டே இருக்கும்.

ஆயில் புதிதாகத் திறந்ததாக இருக்க வேண்டும். டாட் 4 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் உறிஞ்சிய நிலையில் அதற்கு வகுத்த வரம்பு 155 டிகிரிதான். சிலிகான் வகையான டாட் 5 ஆயிலை இதனுடன் கலக்கக் கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் ஸ்கேனர் கொண்டு அதன் பம்பை இயக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதை ஒர்க்ஷாப்பிடம் விடுவதே சரி.

கடைசியாக, எஞ்சின் ஓடும்போது பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து அது அமிழாமல் நிற்கிறதா என்று பார்த்து, காலியான சமதளத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். புதிய பேட் டிஸ்க்கோடு பழகும்வரை பிடிப்பு சற்றுக் குறைவாகவே தெரியும். அடுத்த சில நாட்களுக்கு டேங்கில் ஆயிலின் அளவையும் ஒவ்வொரு காலிப்பரின் அடிப்பக்கத்தையும் புறப்படும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.