மடங்காத நான்கு விரல்கள்

கோவையில் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் நான் ஜூனியராக இருந்தபோது, 2013இல் ஒரு டர்னர், அதாவது இரும்பைக் கடையும் லேத் மெஷினை ஓட்டுபவர், வந்தார். வயது 40. கணபதிப் பக்கம் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை. செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியில் தூக்கிய பம்பின் வார்ப்பிரும்புப் பாகம் நழுவி வலது கைமேல் விழுந்துவிட்டது. டாக்டர்கள் கம்பி வைத்து நான்கு விரல்களையும் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஒரு விரல்கூட மடங்கவில்லை.

பட்டறையில் பத்துப் பேர் இல்லாததால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசு காப்பீடு கிடையாது. அன்று நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு போட்டோம். முதலாளி எடுத்திருந்த பாலிசிக்காக இன்சூரன்ஸ் கம்பெனி எதிர்த்து நின்றது.

மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கு ஏற்ப அந்தச் சட்டம் தந்த ஓர் எண்ணால் பெருக்க வேண்டியிருந்தது. 40 வயதுக்கு அது 184.17. அவர் வாங்கியது கூடுதல் என்றாலும் அன்றைய உச்சவரம்பு 8,000 ரூபாய்தான். ஆக, முழு ஊனத்துக்கு 8,84,016 ரூபாய். அதில் எத்தனை சதவீதம் அவருக்கு என்பதில்தான் சண்டை.

சட்டத்தின் முதல் அட்டவணையில் எந்த உறுப்பு போனால் எத்தனை சதவீதம் என்று பட்டியல் இருந்தது. ஒரு கையின் நான்கு விரல்களும் துண்டாகிப் போனால் 50. இவருக்கோ விரல்கள் கையிலேயே இருந்தன. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று டாக்டர்தான் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. மெடிக்கல் போர்டு 30 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தது. அதைக் கையில் வாங்கியபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. விரல்களை வெட்டி எடுத்திருந்தால் கூடுதலாக 1,76,803 ரூபாய் கிடைத்திருக்கும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

டாக்டர்மேல் குறை சொல்ல மாட்டேன். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து ஒழுங்காகவே எழுதியிருந்தார். ஆனால் சட்டம் கேட்டது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. இதே சட்டத்தின் கீழ் இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சர் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது, ஆகவே இது முழு ஊனம்தான் என்று சுப்ரீம் கோர்ட் 1975இலேயே ஏற்றுக்கொண்டது. அதை வைத்து நாங்கள் 100 சதவீதம் கேட்டோம்.

விசாரணை அன்று ஒரு சக் கீயைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். லேத்தில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் சக் என்ற பாகத்தை இறுக்கும் டி வடிவச் சாவி அது. பிடியை முழுக் கையாலும் இறுகப் பற்றினால்தான் திருக முடியும். அவர் வலது கையை நீட்டினார். விரல்கள் பலகை மாதிரி நேராக நின்றன. சாவி நழுவி மேசைமேல் விழுந்தது. அப்புறம் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"வாட்ச்மேன் வேலை பார்க்கலாமே?" என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"பாக்கலாமுங்க. பதினெட்டு வருசமா லேத்துல நின்னவனுங்க நான்."

டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது என்னிடம் இரண்டு பக்கக் கேள்விகள் தயாராக இருந்தன. சீனியர் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தக் கையால் லேத் ஓட்ட முடியுமா டாக்டர்?" டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "முடியாது" என்றார்.

50 சதவீதம் என்று உத்தரவு வந்தது. 4,42,008 ரூபாய், அதோடு 12 சதவீத வட்டி. நான்கு விரலும் இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பது வரை அதிகாரி வந்தார். தச்சர் வழக்கு வரை வரவில்லை. அது போதாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மேல்முறையீடு போகலாமா என்று கேட்டதற்கு, வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது, இது போதும் என்றுவிட்டார்.

பணம் கணக்கில் ஏறிய பிறகு அவருடன் பேங்குக்குப் போனேன். ஸ்லிப்பில் அவர் போட்ட கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். ஐ.டி.ஐ. படித்தவர் அவர். மையில் இடது பெருவிரலை ஒற்றுவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.